கேஸ் போட்டு ரெண்டே வாரத்துல கூலிங் போச்சுன்னா அது கம்ப்ரசர் தானா?

நீங்க எழுதினத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒருவாட்டி சொல்லிடறேன், பின்னாடி படிக்கறவங்களுக்கும் உதவும். கொழிஞ்சாம்பாறைல இருந்து தினமும் பாலக்காடு போய் வர்ற, பத்து வருசம் ஓடின சின்ன பெட்ரோல் கார். மாசி கடைசில இருந்து ஏசில காத்து வருது, குளிர் இல்ல. ஒரு கடைல கேஸ் கம்மின்னு சொல்லி ஆயிரத்தி ஐநூறு வாங்கிட்டு கேஸ் அடிச்சு விட்டாங்க, ரெண்டு வாரம் ஜில்லுனு இருந்துச்சு, அப்புறம் பழையபடி ஆயிருச்சு. இப்ப வேற கடைல காமிச்சா கம்ப்ரசர் போச்சு, கண்டென்சர் டிரையர் எல்லாம் சேத்து முப்பதாயிரம் ஆகும்ங்கறாங்க. வண்டி ஓடறப்ப லேசா குளிருது, சிக்னல்ல நின்னா அதுவும் இல்ல. ஏசி ஏன் குளிரலன்னு நீங்க ஆரம்பிச்சிருந்தாலும் நெசமா கேக்கறது அந்த முப்பதாயிரத்த குடுக்கலாமா வேண்டாமாங்கறதுதான். என் பதில், இப்போதைக்கு குடுக்காதீங்க. வண்டியப் பாக்காம கம்ப்ரசர் நல்லா இருக்குன்னு நான் சத்தியம் பண்ண முடியாது, ஆனா போச்சுன்னு அவங்களும் இன்னும் காட்டல, நீங்க சொன்ன அடையாளமெல்லாம் கேஸ் எங்கயோ வெளிய போகுதுன்னுதான் சொல்லுது.

நான் கோயமுத்தூர்ல ஒரு கார் ஏசி கடைல தொழில் பழகி, ரொம்ப வருசமா வாளையாருக்கு இந்தப் பக்கம் சொந்தமா கடை போட்டு இதே வேலைதாங்க பாத்துட்டிருக்கேன். பெட்ரோல் டீசல் வண்டின்னா தைரியமா பேசுவேன். எலெக்ட்ரிக் காரு ஹைபிரிட் காருன்னா கம்ப்ரசரே ஹை வோல்டேஜ்ல ஓடும், ஊத்தற ஆயிலும் வேற ரகம், அத நான் தொடறதில்ல, அதுக்குப் பழகினவங்ககிட்ட அனுப்பிருவேன். உங்க வண்டி அந்த ரகம் இல்ல, அதனால மேல பேசலாம்.

முதல்ல சந்தேகமே இல்லாத விசயம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சாமான் இல்லைங்க. கம்ப்ரசர் அத அமுக்கி சூடான கேஸா முன்னாடி இருக்கற கண்டென்சருக்கு தள்ளுது, அங்க காத்து பட்டு சூட்ட விட்டுட்டு திரவமா மாறுது, ஈரத்த உறிஞ்சற டிரையர் வழியா எக்ஸ்பேன்ஷன் வால்வுக்கு வந்து அந்த சின்ன ஓட்டைல பீச்சி அடிக்கறப்ப பிரஷர் படக்குனு எறங்கி டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயில்ல கொதிச்சு ஆவியாகுது, ஆவியாகறதுக்கு வேண்டிய சூட்ட உள்ள இருக்கற காத்துல இருந்து எடுத்துக்குது, திரும்ப கம்ப்ரசருக்குப் போகுது. அவ்வளவுதான், ஒரே கேஸ் சுத்தி சுத்தி வருது. உங்க வண்டில இருக்கறது பெரும்பாலும் ஆர்134ஏ, பழைய ஆர்12 ஓசோன கெடுக்குதுன்னு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஒதுக்கினப்ப அதுக்கு பதிலா வந்தது. வெளிய திறந்து விட்டா மைனஸ் 26 டிகிரிலயே கொதிச்சுரும், அதனாலதான் அடைச்சே வைக்கணும், ஊசி மொனை அளவு ஓட்டை இருந்தாலும் கேஸ் போயிட்டே இருக்கும்.

நல்லா இருக்கற வண்டிலயும் ரப்பர் ஹோஸ் வழியா, ஜாயிண்ட் வழியா வருசத்துக்கு கொஞ்சம் கிராம் கசியத்தான் செய்யும். பத்து வருசத்துல முதல் தடவையா கூலிங் கொறைஞ்சுதுன்னா அது அந்த இயற்கையான கசிவாவும் இருக்கலாம், கேஸ் போட்டா இன்னும் பல வருசம் ஓடிரும். அதனால முதல் கடைக்காரர நான் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டே வாரத்துல திரும்ப போச்சுங்கறப்ப கதை மாறிருச்சு. சின்ன காருக்கு மொத்த கேஸே முன்னூத்தம்பதுல இருந்து ஐநூறு கிராமுக்குள்ளதான் இருக்கும், அதுல பாதி ரெண்டு வாரத்துல வெளிய போயிருக்குன்னா அது பெரிய லீக், தேடினா கெடைக்கற லீக். உங்களுக்கு இதுல ஒரு நல்ல செய்தியும் இருக்கு. கேஸ் போட்டதும் ரெண்டு வாரம் ஜில்லுனு இருந்துச்சுன்னா அந்த ரெண்டு வாரமும் கம்ப்ரசர் ஒழுங்கா அமுக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். நல்லா ஓடின கம்ப்ரசர் திடீர்னு சாகாதான்னா சாகும், நானே பாத்திருக்கேன், ஆனா கேஸ் போன அதே மாதிரி மெல்ல மெல்ல கூலிங் எறங்கினா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது கம்ப்ரசர இல்ல.

ரெண்டாவது கடைல கேஜ், அதாவது உள்ள இருக்கற பிரஷர காட்டற மீட்டர், போட்டுப் பாத்தாங்களான்னு நீங்க எழுதல. போட்டிருந்தா எப்பப் போட்டாங்கங்கறது முக்கியம். இஞ்சின் ஆஃப்ல இருக்கறப்ப கேஜ மாட்டிட்டு "பிரஷர் நல்லாத்தான இருக்கு, கேஸ் இருக்கு, அப்ப கம்ப்ரசர்தான்"னு சொல்றவங்க நிறைய பேர். இது தப்பான கணக்கு. ஆர்134ஏ 25 டிகிரில சுமார் 82 பிஎஸ்ஐ காட்டும், 35 டிகிரில 115 கிட்ட காட்டும், உள்ள நானூறு கிராம் இருந்தாலும் அதேதான் நூறு கிராம் இருந்தாலும் அதேதான், ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கற வரைக்கும். வீட்டுல சிலிண்டர் தீர்ற அன்னைக்கு காலைல வரைக்கும் அடுப்பு நல்லாத்தான எரியுது, அதே விசயம்தான் இங்கயும். நின்ன வண்டில பிரஷர் ஜீரோவா, இல்ல ரொம்ப கம்மியா இருந்தா கேஸ் இல்லன்னு உறுதியா சொல்லலாம், பிரஷர் இருக்குங்கறத வச்சு கேஸ் போதும்னு சொல்லவே முடியாது.

வண்டிய ஓட்டிட்டே பாக்கறப்பதான் கேஜ் பேசும். 35 டிகிரி வெயில்ல, ஏசி ஃபுல்லா வச்சு, இஞ்சின் ஆயிரத்தி ஐநூறு ஆர்பிஎம்ல புடிச்சா லோ சைடு (கம்ப்ரசருக்குத் திரும்பி வர்ற பக்கம்) 30ல இருந்து 45 பிஎஸ்ஐக்குள்ள, ஹை சைடு (கம்ப்ரசர் அமுக்கித் தள்ற பக்கம்) 200ல இருந்து 250 சுமாருக்கு வந்தா அது ஒழுங்கா இருக்கு, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ரெண்டு பக்கமும் எறங்கி கெடந்தா, அதோட கம்ப்ரசர புல்லியோட சேத்துப் பிரிக்கற கிளட்ச் சில செகண்டுக்கு ஒருதடவ டக் டக்னு சேந்து பிரிஞ்சா, கேஸ் கம்மி. ரெண்டும் ஏறிக் கெடந்தா கேஸ் ஜாஸ்தி, இல்ல உள்ள காத்து கலந்திருக்கு, இல்ல கண்டென்சர் சூட்ட விட முடியாம தவிக்குது. லோ சைடு ஏறி ஹை சைடு எறங்கி, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வந்து நின்னு, ஆக்ஸிலேட்டர் குடுத்தாலும் முள்ளு அசையலன்னா அப்பதான் கம்ப்ரசர் அமுக்கலங்கற பேச்சே வரும். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, சில வண்டில அமுக்கற அளவ தானே கூட்டிக் கொறைக்கற வேரியபிள் கம்ப்ரசர் இருக்கும், அதுல கிளட்ச் அடிக்கடி பிரியாது, பின்னாடி ஒரு கண்ட்ரோல் வால்வு இருக்கும், அது மாட்டிக்கிட்டாலும் கேஜ் இதே மாதிரிதான் காட்டும். வால்வு தனியா கெடைக்கும், மொத்த கம்ப்ரசரோட ஒப்பிட்டா சின்ன செலவு. எப்படி இருந்தாலும் இந்த ரீடிங்குக்கு மதிப்பு வரணும்னா உள்ள சரியான எடை கேஸ் இருக்கணும். கேஸ் பாதி போன வண்டில கம்ப்ரசர சோதிக்கறதே வீண்.

கம்ப்ரசர் போச்சுங்கறதும் கம்ப்ரசர்ல லீக்குங்கறதும் ரெண்டு வேற பேச்சுங்க, அத கேட்டு தெளிவு பண்ணிக்கோங்க. முன்னாடி ஷாஃப்ட் சீல்ல கேஸ் கசிஞ்சாலும் கம்ப்ரசர கழட்டித்தான் ஆகணும், அப்ப அந்தக் கடைக்காரர் சொன்னது பாதி சரி. ஆனா சீல் கசிஞ்சா கிளட்ச் தகட்டுக்குப் பின்னாடி, அடில, எண்ணெய் தெறிச்ச கறை இருக்கும், காட்டச் சொன்னா காட்டலாம். சில மாடலுக்கு சீல் மட்டும் மாத்தலாம், சிலதுக்கு கெடைக்காது, இது உங்க மாடலப் பொறுத்தது.

இனி அந்த நின்னா சூடு, ஓடினா குளிர் விசயம். எல்லாரும் இதக் கேட்டதும் கண்டென்சர் ஃபேன்னுதான் சொல்வாங்க, பாதி நேரம் அது சரியாவும் இருக்கும், ஏன்னா ஓடறப்ப காத்து தானா வந்து கண்டென்சர்ல மோதும், பாலியேக்கரா டோல்ல வரிசைல நிக்கறப்ப ஃபேன் மட்டும்தான் தொணை. ஆனா கேஸ் கம்மியா இருந்தாலும் இதே அடையாளம்தான் வரும், ஓடறப்ப இஞ்சின் வேகமா சுத்தறதால கம்ப்ரசரும் வேகமா சுத்தி இருக்கற கொஞ்ச கேஸ வச்சு ஒப்பேத்தும், நின்னா முடியாது. உங்க விசயத்துல ரெண்டுமே இருக்க வாய்ப்பிருக்கு, அதனாலதான் தண்ணி டெஸ்ட் பண்ணச் சொல்றேன். ஏசி போட்டு வண்டிய நிறுத்தி வச்சு, வென்ட்ல வர்ற காத்து சூடானதும், ஒரு குடம் தண்ணிய முன்பக்க கிரில் வழியா கண்டென்சர் மேல மெதுவா, பரவலா ஊத்துங்க, ஃபேன் மோட்டார் மேலயும் வயர் மேலயும் பாய்ச்ச வேண்டாம். ஒண்ணு ரெண்டு நிமிசத்துல காத்து நல்லா குளிர்ந்துச்சுன்னா சூடு வெளிய போறதுலதான் கோளாறு, ஃபேன், ரிலே, இல்ல அடைப்பு. பெருசா மாற்றம் இல்லன்னா கேஸ் கம்மிங்கற பக்கமே எடை கூடுது. ஃபேன் சுத்துதேன்னு மட்டும் விட்டுராதீங்க, சில வண்டில ஃபேனுக்கு ரெண்டு வேகம் உண்டு, பெரிய வேகம் வேலை செய்யாம சின்ன வேகத்துலயே சோம்பேறியா சுத்திட்டிருக்கும்.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு வியாதி இருக்கு, அத சொல்லியே ஆகணும். கோபாலபுரம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி ரோட்டுல ஓடற வண்டிக்கெல்லாம் தேங்காநார் மில்லுத் தூசி. கண்டென்சர வெளிய இருந்து பாத்தா சுத்தமா இருக்கும், தண்ணி பீச்சி கழுவியும் இருப்பாங்க. போன வெயிலுக்கு ஒரு வண்டி வந்துச்சு, கண்டென்சர ரெண்டு போல்ட்ட லூஸ் பண்ணி ரேடியேட்டர்ல இருந்து ஒரு வெரல் இடை நகத்தினா நடுவுல கம்பளி மாதிரி ஒரு பாய், நாரும் தூசியும் செத்த பூச்சியும் எண்ணெயும் சேந்து அழுந்திப்போயி, மூலைல புடிச்சு இழுத்தா ஒரே தகடா உரிஞ்சு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அதுக்கு கேஸ் போட்டிருந்தாங்க. நீங்க தினமும் நல்லேபுள்ளி வழியா பாலக்காடு போறவருன்னாலும் கொழிஞ்சாம்பாறைலயே நார் லாரிக்குப் பின்னாடி எத்தன நாள் போயிருப்பீங்க, அதனால கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. பிரஷர் வாட்டர் கன்ன கிட்ட வச்சு அடிச்சா அலுமினிய இதழெல்லாம் மடங்கிரும், அப்புறம் காத்தே போகாது, சாதா ஓஸ் தண்ணி, உள் பக்கத்துல இருந்து வெளிப் பக்கமா, அது போதும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பத்து நிமிசம் செலவு பண்ணுங்க. துண்டு, வேட்டி நுனி, கைச்செயின் எதுவும் தொங்காம பாத்துக்கோங்க, ஃபேன் தானா ஸ்டார்ட் ஆகும், பெல்ட் பக்கம் கை போகவே கூடாது. பானெட்ட தெறந்து வச்சு உள்ள ஒருத்தர ஏசி பட்டன அமுக்கச் சொல்லுங்க. டக்குனு ஒரு சத்தம் கேட்டு கம்ப்ரசர் முன்னாடி தகடும் சேந்து சுத்தணும், இஞ்சின் சத்தம் லேசா மாறணும், ஃபேன் ஓடணும். புல்லி மட்டும் சுத்தி முன் தகடு சும்மா நின்னா கிளட்ச் சேரல. அதுக்கு ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், மேக்னட் காயில்னு வரிசையா பாக்கணும், கேஸ் ரொம்ப கம்மின்னாலும் கம்ப்ரசர காப்பாத்த பிரஷர் சுவிட்சே கரண்ட கட் பண்ணிரும். இன்னொரு வகை இருக்கு, காலைல நல்லா குளிரும், அரைமணி நேரம் ஓடி இஞ்சின் சூடானதும் கிளட்ச் விட்டுரும். தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் கிட்டத்தான் இடைவெளி இருக்கணும், தேஞ்சு தேஞ்சு அது கூடிட்டா சூட்டுல காந்த சக்தி கொறையறப்ப இழுக்க முடியாது. உள்ள ஒரு சின்ன வாஷர எடுத்தா சரியாப் போற வேலை, இதுக்கும் கம்ப்ரசர் மாத்தின வண்டிங்க இருக்கு.

அப்புறம் அஞ்சு நிமிசம் ஓடவிட்டு ஃபயர்வால், அதாவது இஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல இருக்கற தடுப்புத் தகடு, பக்கம் போற ரெண்டு அலுமினிய பைப்ப தொட்டுப் பாருங்க. தடிப்பானது ஜில்லுனு வேர்த்திருக்கணும், ஒல்லியானது வெதுவெதுன்னு இருக்கணும். கம்ப்ரசர்ல இருந்து கண்டென்சருக்குப் போற பைப்ப மட்டும் தொட்டுராதீங்க, கை பொத்துரும். ரெண்டு பைப்பும் ஒரே சூட்டுல இருந்தா உள்ள கேஸ் இல்ல, இல்ல அமுக்கறது நடக்கல. மீன் தொட்டிக்கு வைக்கற தெர்மாமீட்டர் ஒண்ண நடு வென்ட்ல சொருகி, உள்ள இருக்கற காத்தையே சுத்தவிடற ரீசர்க்குலேஷன் பட்டன போட்டு, கண்ணாடி ஏத்தி பத்து நிமிசம் கழிச்சு படிங்க. வெளிய 35 இருக்கறப்ப உள்ள 6ல இருந்து 12 வந்தா பரவால்ல. இந்த ரீசர்க்குலேஷன் பட்டன சாதாரணமா நெனைக்காதீங்க, ஏசில ஒண்ணுமே இல்ல, வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி வச்சுட்டு வர்றவங்க வாரத்துக்கு ஒருத்தராவது இருப்பாங்க. 2024 ஏப்ரல்ல பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை குடுத்தாங்களே, அந்த மாதிரி நாள்ல 40 டிகிரி காத்த இழுத்து குளிராக்குன்னா எந்த ஏசியும் திணறும்.

காத்தோட வேகமே கொறைஞ்சிருந்தா அது வேற கதை, கேபின் ஃபில்டர் அடைப்பு, இல்ல காயில் ஐஸ் கட்டறது, ஐஸ்னா அரைமணி நேரம் ஓடி காத்து நிக்கும், ஆஃப் பண்ணி வச்சா திரும்ப வரும். கேஸ் சரியா இருந்தும் காத்து வெதுவெதுன்னு வந்தா உள்ள ஹீட்டர் கதவு முழுசா மூடல. நீங்க சொன்னதுல இது எதுவும் பொருந்தல, அதனால இதோட விடறேன்.

லீக்க எங்க தேடறது. கேஸ் தனியா போகாது, உள்ள இருக்கற ஆயிலயும் கொஞ்சம் இழுத்துட்டுத்தான் போகும், அந்த ஆயில்ல ரோட்டுத் தூசி வந்து ஒட்டிக்கும். அதனால சுத்தமா இருக்கற பைப்ல ஒரு எடத்துல மட்டும் கறுப்பா, ஈரமா, வெரல் வச்சா பிசுபிசுன்னு இருந்தா அங்கதான் முதல்ல பாக்கணும். என் அனுபவத்துல உங்க வயசு வண்டிக்கு முதல் சந்தேகம் கண்டென்சர், கல்லு அடிச்சது, இல்ல அடிப்பக்கம் ஓரத்துல உப்புப் பூத்து அரிச்சது. அடுத்தது ஜாயிண்ட்ல இருக்கற ரப்பர் வளையம், ஓ-ரிங்கு, வெளிய எடுத்தா உருண்டையா இருக்க வேண்டியது சப்பையா தட்டையா, நகத்தால மடக்கினா வெடிக்கற அளவுக்கு காஞ்சு போயிருக்கும். அப்புறம் யாரும் பாக்காத ஒண்ணு, கேஸ் போடற வாய்ல இருக்கற பின் வால்வு. டயர்ல இருக்கற மாதிரியே சின்னது, கேஸ் அடிக்கறப்ப மண்ணு பட்டு சரியா ஒக்காராம போயிரும், மேல மூடியும் காணாம போயிருக்கும். முதல் கடைல கேஸ் போட்டதுக்கு அப்புறம் வேகமா எறங்கினதால இதையும் பாக்கச் சொல்றேன். கசிஞ்சா சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டதும் குமிழ் விடும், நூறு எரநூறு ரூபாய்ல முடியற சமாச்சாரம். மோசமானது கூலிங் காயில், அது டேஷ்போர்டுக்குள்ள, அதக் கழட்டறது ஒரு நாள் வேலை, சில மாடல்ல அதுக்கும் மேல. அது லீக்கான்னு வெளிய இருந்து கண்ணால பாத்து யாரும் சொல்ல முடியாது, வெளிய வேற எங்கயும் இல்லைன்னு தீந்த பிறகு, தண்ணி வடியற ட்யூப் கிட்ட லீக் டிடெக்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்.

கடைக்காரர் எப்படி தேடறாருங்கறத கவனிங்க. வேக்கம் போட்டேன், முள்ளு எறங்கல, அதனால லீக் இல்லன்னு சொல்லுவாங்க. வேக்கம்ல வெளிக்காத்து உள்ள தள்றது 15 பிஎஸ்ஐக்கும் கீழ, வண்டி ஓடறப்ப உள்ள இருந்து வெளிய தள்றது எரநூறுக்கு மேல, திசையே எதிர். வேக்கம்ல ஓ-ரிங் உள்பக்கமா இழுத்து ஒட்டிக்கிட்டு நல்லவன் மாதிரி நிக்கும், பிரஷர்ல ஒழுகும். வேக்கம்ங்கறது உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் எடுக்கறதுக்கு, அரைமணி நேரமாவது ஓடணும். லீக் தேடறதுக்கு நைட்ரஜன், நூத்தம்பது பிஎஸ்ஐ சுமாருக்கு ஏத்தி, வால்வ மூடி, கேஜ்ல எங்க நிக்குதுன்னு குறிச்சு வச்சு, ஒரு மணி நேரம் விட்டு, சோப்புத் தண்ணி அடிச்சுப் பாக்கணும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காத்த ஏத்தறவங்க இருக்காங்க, விடாதீங்க, அதுல ஈரம் இருக்கும், மிச்சம் இருக்கற ஆர்134ஏ-வோட காத்து பிரஷர்ல கலக்கறது ஆபத்தும் கூட. உங்க லீக் ரெண்டு வாரத்து லீக், நைட்ரஜன்ல பெரும்பாலும் முள்ளு எறங்கும். மாசக்கணக்குல கசியற சின்ன லீக்குக்குத்தான் ஒளிர்ற சாயம் (டை) ஊத்தி புற ஊதா லைட் அடிச்சுத் தேடற வேலையெல்லாம்.

லீக்க அடைச்ச பிறகு கேஸ் எடை போட்டுத்தான் ஏத்தணும். பானெட்டுக்கு அடில இல்ல முன் சட்டத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், என்ன கேஸ், எத்தன கிராம்னு. பழைய கேஸ மெசின்ல இழுத்து எடுத்து, வேக்கம் போட்டு, தராசுல வச்சு அந்த கிராம் மட்டும். கேஜ பாத்து கை பழக்கத்துல அடிக்கறது நம்ம சித்திரை வெயில்ல ரொம்ப ஏமாத்தும், பிரஷர் வெயிலுக்கே ஏறி நிக்கும், போதும்னு நிறுத்திருவாங்க, இல்ல ஜாஸ்தி போட்டு ஹை சைடு எகிறி கூலிங் இன்னும் கொறையும். விலை கம்மியா பேர் இல்லாத டப்பா கேஸ் போடறேன்னா வேண்டாம்னுருங்க. 2011ல கப்பல்ல சரக்க குளிர வச்சுக் கொண்டு போற ரீபர் கன்டெய்னர் சிலது வெடிச்சு ஆளுங்க செத்தாங்க, ஆர்134ஏன்னு வித்த கேஸ்ல மெத்தில் குளோரைடு கலந்திருந்தது, அது அலுமினியத்தோட சேந்து காத்து பட்டா தானா பத்திக்கற சரக்க உண்டாக்குது. லீக் அடைக்கற சீலன்ட் டப்பாவும் வேண்டாம், எக்ஸ்பேன்ஷன் வால்வுலயும் கடைக்காரர் மெசின்லயும் போய் கட்டிக்கும், நான் அந்த வண்டிக்கு என் மெசின மாட்டவே யோசிப்பேன்.

அந்த முப்பதாயிரம் நியாயமான கணக்கா இருக்கற சந்தர்ப்பமும் உண்டு, அதையும் சொல்லிடணும். கம்ப்ரசர் உள்ளயே தேஞ்சு இரும்பு அலுமினியப் பொடி வெளிய வந்திருந்தா அது கண்டென்சரோட சன்னமான குழாய்க்குள்ள போய் உக்காந்துக்கும், கழுவினாலும் முழுசா வராது, புது கம்ப்ரசர் போட்டு மத்தத விட்டா அதையும் சேத்து கொன்னுரும். அப்ப கம்ப்ரசர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வு எல்லாம் மாத்தறதுதான் சரி. ஆனா அத கண்ணால பாக்க முடியும். ஒரு பைப்ப கழட்டி வெள்ளைத் துணில உள்பக்கத்த தொடைக்கச் சொல்லுங்க, ஆயில் தெளிவா இல்ல லேசா மஞ்சளா வந்தா நல்லது, சாம்பக் கலர்ல மினுமினுன்னு பொடி வந்தா அவர் சொன்னது உண்மை, பணத்த குடுங்க. கம்ப்ரசர் கடகடன்னு சத்தம் போட்டாலும், கையால முன் தகட்ட சுத்த முடியாம ஜாம் ஆகியிருந்தாலும் அப்படித்தான், ஆனா சத்தம் சிலசமயம் புல்லி பேரிங்கோடதா இருக்கும், பெல்ட்ட கழட்டி கையால சுத்தினா தெரிஞ்சுரும்.

அதனால நீங்க செய்ய வேண்டியது, பாலக்காட்டுலயோ பொள்ளாச்சிலயோ கார் ஏசி மட்டுமே பாக்கற, நைட்ரஜனும் தராசும் வச்சிருக்கற கடையா தேடிப் போயி, "கேஸ் போடுங்க"ன்னு சொல்லாம "லீக் எங்கன்னு கண்டுபுடிச்சு எனக்குக் காட்டுங்க, அதுக்கு தனியா கூலி தர்றேன்"னு சொல்லுங்க. இப்படி சொன்னாத்தான் அவங்களும் உக்காந்து தேடுவாங்க, ஏன்னா தேடற ஒரு மணி நேரத்துக்கு இங்க யாரும் காசு குடுக்கறதில்ல, பொருள் மாத்தினாத்தான் வருமானம்னு இருக்கறப்ப பொருள்தான் மாத்துவாங்க. விஷுவுக்கு முன்னாடி வாரம் போகாதீங்க, கூட்டத்துல யாருக்கும் பொறுமை இருக்காது.

அதுவரைக்கும் ஏசிய போடாம ஓட்டுங்க. கம்ப்ரசருக்கு ஆயில் கொண்டு வர்றதே சுத்தி வர்ற கேஸ்தான், கேஸ் பாதிக்குக் கீழ போன பிறகு குளிரலைன்னு ஃபுல்லா வச்சு ஓட்டினா ஆயில் திரும்பி வராம நல்லா இருக்கற கம்ப்ரசரும் நெசமாவே போயிரும். அதேசமயம் வெயில் முடியட்டும்னு ஆறு மாசம் தள்ளிப் போடவும் வேண்டாம், மொத்த கேஸும் போயிட்டா அந்த ஓட்டை வழியா இடவப்பாதி (ஜூன் மாச) மழை ஈரம் உள்ள போகும், டிரையர் நனைஞ்சு போச்சுன்னா அத மாத்தியே ஆகணும்.

தண்ணி டெஸ்ட்ல என்ன ஆச்சு, கிளட்ச் சேருதா, வென்ட்ல எத்தன டிகிரி, கேஜ் மாட்டினா வண்டி ஓடறப்ப லோ எவ்வளவு ஹை எவ்வளவு, அன்னைக்கு வெளி வெயில் எவ்வளவுன்னு எழுதுங்க, முடிஞ்சா அந்த ஸ்டிக்கர்ல இருக்கற கிராமையும். அத வச்சு இன்னும் கொஞ்சம் நெருக்கமா சொல்ல முடியும்.